கீழே நின்றவர்கள் வைத்த பெயர்கள்

விமானம் ஒன்றுக்கு இரண்டு பெயர் இருக்கும். அதைக் கட்டிய கொம்பனி வைத்தது ஒன்று. அதற்குக் கீழே நின்ற சனம் வைத்தது மற்றது. எங்கட அம்மாக்களிடம் போய் வை-8 எது, எப்-7 எது, ஐஏ-58 எது என்று கேட்டால் முழிப்பார்கள். சகடை, சுப்பர்சொனிக், பொம்பர், ஹெலி, வண்டு என்று கேட்டால் கதையே வேற. எது சுத்திச் சுத்தி நிண்டு அடிக்கும், எது ஒருக்கா வந்து போட்டுட்டுப் போயிடும், எதுக்கு பங்கருக்குள்ள ஓடோணும், எதுக்கு மரத்துக்குக் கீழ அசையாமல் நிண்டால் காணும் என்று ஒரு விமானியை விட விளக்கமாகச் சொல்லுவார்கள். ஒன்றிரண்டு விமானங்கள் மட்டும் கொம்பனிப் பெயரோடேயே எங்கட வாய்களில் ஏறின. சியாமாச்செட்டி அப்படி, கிபிர் அப்படி. கிபிர் என்றால் எபிரேய மொழியில் சிங்கக்குட்டி. அது தெரிய வந்தபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பேரைப் பாத்துத்தான் வாங்கியிருப்பாங்களோ?

சகடை எண்டால் சில்லுப் பூட்டின வண்டி. சாமான் ஏற்றிப் பறக்கவென்று கட்டிய கனத்த விமானம் ஒன்று, இழுபட்டு இழுபட்டு வந்து, மேலே இருந்து குண்டுகளை உருட்டி விட்டுவிட்டுப் போகும். அதை அண்ணாந்து பார்த்த யாரோ ஒரு ஆச்சியோ அப்புவோ வைத்த பெயராக இருக்க வேண்டும். அதைவிடப் பொருத்தமான பெயரை எந்தக் கொம்பனியும் வைத்திருக்காது.

இந்தக் கதையெல்லாம் எங்களுக்குள் கிளம்பினது இங்கிலாந்தில், பழைய போர் விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டுகிற ஒரு சிற்றூரில். நாங்கள் நாலு பேர். ஒருத்தன் வடமராட்சி, ஒருத்தன் விசுவமடு, ஒருத்தி திருகோணமலை, ஒருத்தி கொழும்பு வெள்ளவத்தை. லூட்டனில் படிக்கிறோம். படிக்கிறோம் என்று வீட்டுக்குச் சொல்கிறோம். விசா அனுமதிக்கிற கிழமைக்கு 20 மணித்தியாலமும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில்தான் போகிறது. அங்கே கூட வேலை செய்கிற ஒரு அன்ரி, தானும் மனுசனும் ஒவ்வொரு கோடையும் போவோம், நீங்களும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ, இங்கிலாந்து எண்டால் அதுதான் இங்கிலாந்து எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவ. ரிக்கற் மலிவில்லை. நாலு பேருக்குமாக ஒருத்தரின் ஒரு நீண்ட சிஃப்ற் காசு போனது.

ஊரின் பெயர் ஓல்ட் வோர்டன். பெட்ஃபோட்ஷயரில் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. ஓடுபாதை தாரில்லை, புல். ரிச்சர்ட் ஷட்டில்வேர்த் என்ற பணக்கார இளைஞர், கார்ப் பந்தயக்காரர், 1930களில் பழைய விமானங்களைத் தேடித் தேடி வாங்கித் திருத்தி வைத்திருந்தார். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் சேர்ந்து, 1940 ஆகஸ்டில் ஓர் இரவுப் பயிற்சியில் விமானம் விழுந்து செத்துப்போனார். வயது 31. அவருடைய தாய் 1944இல் மகனின் நினைவாக ஓர் அறக்கட்டளையை நிறுவினார். மகனின் விமானங்கள் இன்றைக்கும் பறக்கின்றன. செத்த பிள்ளையின் சாமான்களைத் தூசி தட்டி வைத்திருக்கிற தாய்மாரை எங்களுக்கும் தெரியும். பறக்கவிடுகிற அளவுக்கு வசதியுள்ள ஒரு தாயை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம்.

சனம் மடக்குக் கதிரை, போர்வை, சாப்பாட்டுக் கூடை, தேத்தண்ணிப் போத்தல் எல்லாத்தோடையும் வந்து புல்லில் வரிசையாக இருந்தது. கோயில் திருவிழாவுக்கு நேரத்தோட போய்ப் பாய் விரிச்சு இடம் பிடிக்கிறது மாதிரித்தான். அரைவாசிப் பேர் அறுபது தாண்டினவர்கள். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் பூட்டின கமராக்களோடு ஒரு கூட்டம். காதுமூடி போட்ட சின்னப் பிள்ளைகள். நாங்கள் கொண்டுபோனது பணிசும் சம்பலும். பக்கத்துக் கதிரை ஐயா ஒருவர் சம்பல் வாசத்துக்குத் திரும்பிப் பார்த்தார், கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், மூக்கால தண்ணி வர வரத் தன் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். ஒவ்வொரு வருசமும் பார்த்த ஒவ்வொரு விமானத்தின் இலக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறார். கொம்பனிப் பெயர், இலக்கம், கட்டிய ஆண்டு, எஞ்சின். அந்த நோட்டுப் புத்தகத்தில் எங்களுக்கு உண்மையாகவே ஆசை வந்தது.

முதலில் எழும்பினவை முதலாம் உலகப்போர் காலத்து விமானங்கள். மரச்சட்டத்தில் துணி போர்த்தி, கம்பியால் இழுத்துக் கட்டினவை. சொப்வித் பப் என்ற சின்ன விமானம் எங்களைக் கடந்து போனபோது ஒரு வாசம் வந்தது. நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். ஆமணக்கெண்ணெய்! அந்தக் காலத்துச் சுழலும் எஞ்சின்களில் எண்ணெய் பெற்றோலில் கரையக்கூடாது என்பதற்காக ஆமணக்கெண்ணெய்தான் விடுவார்களாம். அது எரியாமலே புகையாக வெளியே வந்து விமானியின் முகத்தில் அடிக்கும். போர்க்காலத்து விமானிகள் அதை விழுங்கி விழுங்கி வயிறு கழிந்து அவதிப்பட்ட கதையை அந்த ஐயா ரசித்துச் சொன்னார். எங்களுக்கு வேறு படமாகத் தெரிந்தது. பள்ளிக்கூட விடுதலை, விடியக்காலமை, வெறும் வயிறு, அம்மம்மா கையில் கரண்டி. வானத்தில் பறந்து போனவனை நினைச்சுப் பாவமாயிருந்தது.

பிடித்திருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஸ்பிற்ஃபயர் எழும்பினபோது வயிற்றுக்குள்ளே ஏதோ அதிர்ந்தது. 27 லீற்றர் எஞ்சின், 12 சிலிண்டர். அந்த இறக்கைகளின் வளைவு வடிவு, வேற சொல்லில்லை. பக்கத்தில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தச் சத்தம் கேட்டால் எங்கட ஆக்கள் மேல நிக்கினம் எண்டு அர்த்தம், அம்மா சொல்லுவா என்றார். மேலே கேட்கிற சத்தம் எங்கட ஆக்களின்ரதோ மற்ற ஆக்களின்ரதோ என்று பிரித்தறிகிற காது அது. அந்தக் காது எங்கட வீடுகளிலும் இருக்கிறது.

அடுத்து ஹரிக்கேன். அதை நாங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம், திருகோணமலைக்காரி மட்டும் எழும்பி நின்றாள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைக்குக் குண்டு போட வந்தபோது சீனக்குடாவிலிருந்து எழும்பி எதிர்த்தவை ஹரிக்கேன்கள்தான். அதற்கு நாலு நாளுக்கு முன், ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் இரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழும்பினவையும் அவைதான். அந்தத் திடலைத்தான் அப்போது ஓடுபாதை ஆக்கியிருந்தார்கள். இப்போது அங்கே கடைத்தொகுதி இருக்கிறது, நாங்கள் ஐஸ்கிறீம் குடித்திருக்கிறோம். திருகோணமலையில் குண்டு விழுந்த அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் தாழ்ந்தது, இன்னமும் அங்கேதான் கிடக்கிறது. இவளின் பூட்டி பிறந்த நாள் குறிப்பு எதுவும் வீட்டில் இல்லை. யப்பான்காரன் குண்டு போட்டபோது கைக்குழந்தை, அவ்வளவுதான் கணக்கு. பூட்டியைத் தூக்கிக்கொண்டு சனம் காட்டுப் பக்கம் ஓடினதாம். மேலே நடந்தது வெள்ளைக்காரனுக்கும் யப்பான்காரனுக்கும் இடையில். கீழே ஓடினது இவளின் ஆக்கள். அந்தக் கதையை ஐயாவுக்கு அவள் சொன்னபோது அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, உங்கட ஊரில நிண்ட ஹரிக்கேன் ஸ்குவாட்ரன் 261 என்று சரியாகச் சொன்னார். அவருக்கு மேலே நடந்தது எல்லாம் மனப்பாடம்.

இங்கே எங்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம். கொழும்புக்காரி சொன்னாள், இப்பிடிப் பாத்தால் ஒரு சாமானையும் ரசிக்கேலாது, ரயிலும்தான் வெள்ளைக்காரன் தேயிலை ஏத்தப் போட்டது என்று. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ரயில் தேயிலையையும் ஏற்றியது, எங்களையும் ஏற்றியது. இந்த விமானங்களில் எங்கட பூட்டன் பூட்டிமாரில் ஒருத்தரும் ஏறவில்லை, எல்லாரும் கீழேதான் நின்றார்கள். அன்றைக்குத் தரையில் காட்சிக்கு நின்ற ஹோக்கர் ஹைண்ட் என்ற இரட்டைத்தட்டு விமானம் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தது. 1938இல் ஆப்கான் விமானப்படைக்குப் போனது, 1970இல் காபூலில் இருந்து தரைவழியாக லொறியில் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற பிரிஸ்டல் ஃபைற்றர் வகையை முதலாம் போர் முடிந்ததும் ஈராக்குக்கும் இந்தியாவின் வடமேற்கு எல்லைக்கும் அனுப்பினார்கள். வரி கட்டாத, சொல் கேட்காத கிராமங்களுக்கு மேலே போய்க் குண்டு போடுவதற்கு. தரைப்படையை வைத்திருப்பதை விட அது செலவு குறைவு என்று கணக்குப் பார்த்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் வான்வழிக் காவல். பொலிஸ் வேலை மாதிரி. கொம்பனி விமானத்துக்குப் பேர் வைக்கும், அரசு குண்டுபோடுகிறதுக்குப் பேர் வைக்கும்.

தேத்தண்ணி நேரத்தில் வடமராட்சிக்காரன் தன் போனில் ஒரு படம் காட்டினான். 2024 மார்ச்சில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் விமானப்படை கண்காட்சி வைத்தபோது அவன்ரை தம்பி எடுத்தது. தம்பி 2010இல் பிறந்தவன். நிலத்தில் நின்ற ஹெலிக்கு முன்னால் கையை விரிச்சுக்கொண்டு நிக்கிறான், முகமெல்லாம் பல்லு. அந்தப் படத்தைக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லையாம். இரண்டு நாள் கழித்துச் சோறு போடும்போது கேட்டாவாம், "மேல போனால் கீழ நிக்கிற ஆக்கள் தெரியுமாமோ எண்டு கேட்டனியோ?" தம்பிக்கு விளங்கவில்லை. ஓமம்மா எல்லாம் வடிவாத் தெரியுமாம் என்று சொல்லியிருக்கிறான். அவவுக்கு வேண்டியது அந்தப் பதில்தான் என்று நினைக்கிறோம், வேறு எதுவும் கேட்கவில்லையாம். 1995இல் நவாலித் தேவாலயத்துக்கு மேலே வந்தவனுக்கும், அதே வருசம் நாகர்கோயில் பள்ளிக்கூடத்துக்கு மேலே வந்தவனுக்கும் வடிவாகத் தெரிந்துதான் இருக்கும் என்று அவ அன்றைக்கே முடிவு கட்டி வைத்திருந்திருக்க வேண்டும்.

தம்பியைப் பிழை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. விமானம் பார்க்க வடிவான சாமான். நாங்களும் காசு கொடுத்துப் பார்த்துக்கொண்டுதானே நிக்கிறம்.

விருந்தாளியாக வந்த ஒரு விமானம் அடுத்துப் பறந்தது. ஜெற் புறோவோஸ்ற். பிரித்தானிய விமானப்படை இரண்டு பேரைப் பக்கம் பக்கமாக இருத்திப் பறக்கப் பழக்கின ஜெற். இப்போது வசதியான தனியார் வாங்கி வைத்திருந்து கோடையில் ஓட்டுகிறார்கள். உருண்டை மூக்கோடு பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கும். இதில் 12 இலங்கைக்கும் போயிருக்கின்றன. 1951இல் தொடங்கிய எங்கட நாட்டு விமானப்படையின் முதல் ஜெற்கள் அவைதான். பிறகு சீனக்குடாவில் களஞ்சியத்தில் கிடந்தன. 1971 ஏப்ரல் 5 ஜே.வி.பி. கிளர்ச்சி தொடங்கினதும் களஞ்சியத்தில் கிடந்தவற்றை இழுத்து வெளியே எடுத்துத் தாக்குதலுக்கு அனுப்பினார்கள். யப்பான்காரன் கொழும்புக்கு வந்த அதே திகதி, 29 வருசம் கழித்து. கீழே நின்றவர்கள் அநேகமாகச் சிங்களக் கிராமத்துப் பெடியளும் பெட்டையளும், எங்கட வயசுக்காரர், பலர் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தவர்கள். வானத்திலிருந்து வந்ததைப் பற்றிய எங்கட கதைகளெல்லாம் எண்பதுகளில் தொடங்குகின்றன. அந்தக் கதைக்கு ஒரு முன்கதை இருக்கிறது, அது சிங்களத்தில் இருக்கிறது. காட்டுக்குள் பதுங்கியிருந்த அந்தப் பிள்ளைகள் இந்த உருண்டை மூக்குக்கு என்ன பேர் வைத்திருப்பார்கள்? எங்களுக்குத் தெரிந்த சிங்கள நண்பர்களின் பெரியம்மா, மாமாமாரிடம் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி அது.

ஜெற் தூரத்தில் திரும்பி, மூக்கைக் கவிழ்த்து, ஓடுபாதையை நோக்கி இறங்கியது. விசுவமடுக்காரன் மெதுவாகச் சொன்னான், "பதியுது."

அந்தச் சொல்லை அந்த அர்த்தத்தில் நாங்கள் பல வருசமாகக் கேட்டிருக்கவில்லை. விமானம் மேலே சுற்றிக்கொண்டிருக்குமட்டும் பயம் ஒரு அளவு. அது பதிந்தால் போடப்போகுது. பதிந்து எழும்பினால் போட்டுட்டுது. வன்னியில் பத்து வயதுப் பிள்ளைக்கும் இந்த இலக்கணம் தெரியும். குப்புறப் படு, நெஞ்சு நிலத்தில் முட்டாமல் முழங்கையை ஊண்டு, காதைப் பொத்து, வாயைத் திற. வாயைத் திறக்காவிட்டால் செவிப்பறை வெடிக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே பழக்கினவை. 2006 ஆகஸ்ட் 14 செஞ்சோலைக்குக் கிபிர் வந்தபோது இவனுக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு அவன் வீட்டுக் காணியில் பங்கர் இல்லாத நாள் இருக்கவில்லை.

அவன் படுக்கவில்லை. நடுங்கவும் இல்லை. கதைகளில் வருகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. ஜெற் எங்களுக்கு முன்னால் சீறிக்கொண்டு போனபோது அவன் வாயைத் திறந்துகொண்டு நின்றான், அவ்வளவுதான். ஒருத்தரும் கவனிக்கவில்லை. விமானம் பார்க்க வந்த இடத்தில் எல்லார் வாயும் திறந்துதான் இருந்தது.

பிறகு ஒன்றைக் கவனித்தோம். ஒரு விமானமும் எங்கட தலைக்கு மேலால் வரவில்லை. எல்லாம் ஓடுபாதைக்கு அந்தப் பக்கமாக, எங்களுக்கு முன்னால், இடமிருந்து வலம், வலமிருந்து இடம். ஐயாவிடம் கேட்டோம். சட்டம் என்றார். சனம் இருக்கிற பக்கம் ஒரு கோடு போட்டிருப்பார்களாம், கண்ணுக்குத் தெரியாத கோடு. அதைத் தாண்டிச் சனத்துக்கு மேலே சாகசம் காட்டக்கூடாது. 2015 ஆகஸ்ட் 22 தெற்குக் கரையோரத்தில் ஷோரம் என்ற ஊரில் நடந்த கண்காட்சியில் ஹோக்கர் ஹண்டர் என்ற பழைய போர் ஜெற் ஒன்று வட்டமடித்து முடிக்கமுடியாமல் நெடுஞ்சாலையில் விழுந்தது. 11 பேர் செத்தார்கள். அவர்கள் காட்சித் திடலுக்குள் இருந்தவர்கள் இல்லை, வெளியே றோட்டில் போனவர்கள், நின்றவர்கள். அதற்குப் பிறகு சட்டங்களை இன்னும் இறுக்கினார்கள். எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம், பழைய ஜெற்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு.

ஐயா இதைக் கொஞ்சம் சலிப்போடுதான் சொன்னார். முந்தி இன்னும் கிட்ட வரும், இப்ப எல்லாம் தூரம் என்று. எங்களுக்கு அந்தச் சட்டத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கவேணும் போல இருந்தது. சனம் நிற்கிற இடத்தைப் பார்த்து விமானத்தின் மூக்கைத் திருப்பக்கூடாது என்று எழுதி வைத்து, மீறினால் விமானியின் அனுமதிப்பத்திரத்தைப் பறிக்கிற ஒரு சட்டம். செத்த 11 பேரின் பெயரையும் சொல்லி, ஏன் விழுந்தது என்று வருசக்கணக்காக விசாரித்த ஒரு நாடு. பொறாமைதான் பட்டோம், மறைப்பதற்கில்லை. அதே நாடு ஈராக்கில் என்ன செய்தது என்பதை அரை மணித்தியாலத்துக்கு முதல்தான் கதைத்திருந்தோம். அதையும் மறக்கவில்லை.

கொழும்புக்காரி இதுவரைக்கும் தன் கதையைச் சொல்லவில்லை. விமானங்களுக்கு இடைவெளி விட்ட நேரத்தில் சொன்னாள். 2007 ஏப்ரல் கடைசி, உலகக் கிண்ண இறுதிப்போட்டி. இலங்கையும் அவுஸ்திரேலியாவும். விடியப்புறம் வரைக்கும் முழு வெள்ளவத்தையும் ரீவிக்கு முன்னால். திடீரென்று கரண்ட் போனது. வானத்தில் வெளிச்சக் குண்டுகள், துப்பாக்கிச் சத்தம். வான்புலிகள் வந்து எண்ணெய்க் குதங்களுக்குக் குண்டு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். செக் நாட்டில் பறக்கப் பழகுவதற்கென்று கட்டின சின்ன ஸ்லின் விமானம். அவளின் அப்பா பிள்ளைகளை மேசைக்குக் கீழே தள்ளினார். அதே மாதங்களில் விசுவமட்டில் அதே சத்தம் கேட்டால் இவன்ரை வீட்டில் எல்லாரும் முற்றத்துக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்ப்பார்களாம், எங்கட பிளேன் என்று. இருட்டில் ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். ஸ்பிற்ஃபயருக்குக் கண் துடைத்த அந்த அம்மாவின் காது.

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். மூன்று வருசமாக ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள், இந்தக் கதையை இப்போதுதான் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். "நீ மேசைக்குக் கீழ, நான் முத்தத்தில" என்றான் அவன். "ஓம், நீங்கள் கைதட்டியிருப்பியள்" என்றாள் அவள். "தட்டினனாங்கள்" என்றான். பிறகு மிஞ்சியிருந்த பணிசை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கினாள், ஆனால் உடனே சாப்பிடவில்லை.

பொழுது பட, காற்று ஓய்ந்தது. அதற்காகத்தான் சனம் காத்திருந்தது. கடைசியாக ஒரு ப்ளேரியோ விமானத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். 1909இல் கட்டினது. அந்த வருசம் யூலை 25 லூயி ப்ளேரியோ இங்கிலீசுக் கால்வாயைப் பறந்து கடந்தாரே, அதே வகை. மூன்று சிலிண்டர் எஞ்சின், சைக்கிள் சில்லு மாதிரிச் சில்லு, பின்பக்கத்தில் துணிகூட இல்லை, வெறும் சட்டம். காற்று அடித்தால் பறக்காது. புல்லில் உருண்டு, ஒரு ஆள் உயரமோ இரண்டு ஆள் உயரமோ எழும்பி, நேராகக் கொஞ்சத் தூரம் போய், திரும்ப நிலத்தில் குந்தியது. அவ்வளவுதான். அன்றைக்குக் கிடைத்த கைதட்டலில் பெரிய கைதட்டல் அதற்குத்தான். நாங்களும் கை நோகத் தட்டினோம். தும்பியைப் பிடித்து நூல் கட்டிப் பறக்கவிட்ட மாதிரி இருந்தது. இதுக்குக் கீழ நிண்டு ஆரும் பயந்திருக்க மாட்டினம் என்றாள் திருகோணமலைக்காரி.

விசுவமடுக்காரன் அப்போதே போனில் தேடத் தொடங்கியிருந்தான். ப்ளேரியோ கால்வாயைக் கடந்து இரண்டே வருசத்தில், 1911 ஒக்ரோபரில், லிபியாவில் ஒத்தோமன் படைகளை வேவு பார்க்க இத்தாலியர்கள் விமானம் அனுப்பினார்கள். போரில் விமானம் பறந்தது அதுதான் முதல்தடவை. அது ஒரு ப்ளேரியோ. ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 1, ஜூலியோ கவோத்தி என்ற இத்தாலிய விமானி வேறொரு விமானத்திலிருந்து கையால் குண்டுகளைக் கீழே போட்டார். போரில் விமானத்திலிருந்து குண்டு போட்ட முதல் ஆள். அந்த விமானத்தின் பெயர் தவ்ப. ஜெர்மன் மொழியில் புறா. கீழே நின்ற லிபியக்காரர் அதைப் புறா என்றா கூப்பிட்டிருப்பார்கள்?

பராமரிப்பு இல்லத்தில் எங்களில் ஒருத்தி குளிக்க வார்க்கிற ஒரு ஆச்சி இருக்கிறா, தொண்ணூறு தாண்டியவ. 1944இல் தெற்கு லண்டனில் சின்னப் பிள்ளை. ஜெர்மன்காரர் ஆளில்லாமல் அனுப்பின வி-1 பறக்கும் குண்டைப் பற்றி ஒருநாள் சொன்னா. சத்தம் கேக்குமட்டும் பயமில்லை, சத்தம் நிண்டால்தான் பயம். எஞ்சின் நின்றால் விழப்போகிறது என்று அர்த்தம். அதற்கு லண்டன் சனம் வைத்த பெயர் டூடில்பக். ஒரு பூச்சியின் பெயர். வன்னியில் சனம் ஆளில்லாத வேவு விமானத்துக்கு வண்டு என்று பெயர் வைத்தது அறுபது வருசம் கழித்து, ஒருத்தரை ஒருத்தர் கேட்காமல். காசாவில் அதற்கு ஸனானா என்று பெயர், ரீங்காரம் என்கிற மாதிரிச் சொல். ஆச்சியிடம் எங்கட வண்டைப் பற்றிச் சொன்னபோது அவ ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தா. வண்டு, வண்டு. சரியாகத்தான் சொன்னா.

திரும்பி வரும்போது காரில் போனைத் திறந்து, ஐயாவின் நோட்டுப் புத்தகம் மாதிரி ஒரு பட்டியல் போடத் தொடங்கினோம். கொம்பனிப் பெயருக்குப் பதிலாகச் சனம் வைத்த பெயர், இலக்கத்துக்குப் பதிலாக எந்த ஊரில் கேட்டது, எஞ்சினுக்குப் பதிலாக என்ன சத்தம். அரை மணித்தியாலத்தில் சண்டை வந்துவிட்டது. வடமராட்சிக்காரன் சகடை என்று சொல்கிற விமானம் திருகோணமலைக்காரி சகடை என்று சொல்கிற விமானம் இல்லை. பொம்பர் ஒன்றா இரண்டா என்பதிலும் பிரச்சினை. கொழும்புக்காரியிடம் ஸ்லினுக்கு என்ன பெயர் என்று கேட்டோம். கொழும்பில் அதற்குப் பெயரே வைக்கவில்லை, லைற்றை நூப்பு என்று மட்டும்தான் கத்துவார்கள் என்றாள்.

கடைசியில் விசுவமடுக்காரன்ரை அம்மாவுக்கு ஸ்பீக்கரில் எடுத்தோம். அங்கே நடுச்சாமம் தாண்டியிருந்தது, ஆனால் அவ நித்திரை இல்லை. முதல் கேள்வி ரிக்கற் எவ்வளவு என்பது. சொன்னோம். "அடக் கடவுளே, காசு குடுத்தே பிளேன் பாக்கப் போனனீங்கள்?" என்று சிரிச்சா. சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு சகடையைப் பற்றிக் கேட்டோம். குரல் மாறி, ரீச்சர் மாதிரி வந்தது. "நாலு விசிறி வைச்சதுதான் சகடை. ரெண்டு விசிறியோட இன்னொண்டு வரும், அதைச் சகடை எண்டு சொல்லுறவை தெரியாமச் சொல்லுறவை. அதுக்கு வேற பேர் இருந்தது. வாயில நிக்குது, வருகுதில்லை. பொறுங்கோ, பெரியம்மாவுக்குத் தெரியும், விடியக் கேட்டுச் சொல்லுறன்."

பெரியம்மா இன்னும் போன் எடுக்கவில்லை.